எட்டு மணி வாளி

முப்பத்தோரு வருஷம் ஒரு மனிதர் பிறர் திட்டுவதைக் கேட்பதற்கென்றே வேலைக்குப் போய்வந்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். துணி துவைக்கும் மெஷினும் மின்விசிறியும் விற்கிற ஒரு பெரிய கம்பெனி. அதன் நாலாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. புகார் பிரிவு என்று பலகை வைத்த மேஜைக்குப் பின்னால் அவர் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார்.

"மெஷின் ஆடி ஆடி சமையல்கட்டு வரைக்கும் வந்துடுச்சு சார்" என்பார் ஒருவர். "ஃபேன் நல்லாத்தான் சுத்துது, காத்துதான் வரலை" என்பார் இன்னொருவர். எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "குறிச்சுக்கிட்டேன்." பொய் சொல்லக்கூடாது, குறித்துக்கொள்ளவும் செய்வார். நீல அட்டை போட்ட நோட்டில் தேதி போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார். அதற்கப்புறம் அந்தப் புகார் என்ன ஆனது என்று மட்டும் கேட்காதீர்கள். நோட்டு நிறைந்தால் அலமாரிக்குப் போகும். அலமாரி நிறைந்தால் புது அலமாரி வரும். அலமாரி வைக்க இடமில்லாமல் போன அந்த வருஷம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயரே குறிச்சுக்கிட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளம் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. சார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஓய்வு பெற்ற அன்று சார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவியிடம், "மலைக்குப் போயிடலாம்" என்றார்.

"எந்த மலைக்கு?"

"எந்த மலையா இருந்தா என்ன? மனுஷங்க தொந்தரவு இல்லாத மலை. இனிமே ஒருத்தன் என்கிட்ட வந்து அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லக்கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப நான் யாரு, மரமா?" என்றார் அந்த அம்மாள். சார் அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

நகரத்து வீட்டில் அவருக்கு என்ன குறை என்றால், மேல்மாடிக்காரர் விடியற்காலையில் நாற்காலி இழுப்பார், பக்கத்து வீட்டில் வருஷம் முழுக்கச் சுவரில் துளை போடுவார்கள், லிஃப்ட் கதவைச் சரியாக மூடவில்லை என்றால் அது நாள் பூராவும் கத்திக்கொண்டிருக்கும். கல்யாணமாகி அதே ஊரில் இருந்த மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அங்கேருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" சார் சிரித்தார். "காத்து நல்லா இருக்கிற இடத்துல ஆஸ்பத்திரி எதுக்கும்மா?" இந்த மாதிரி பேசுகிறவர்களைக் காலம் குறித்துவைத்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம்.

ஆறே மாதத்தில் வீடு கிடைத்தது. மலைச்சரிவில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பதினாலு வீடுகள். கீழே வளைவில் பஸ் நிற்கும். அங்கே ஒரு டீக்கடை, அதன் பின்னாலேயே கடைக்காரம்மா குடியிருக்கும் வீடு. அதுதான் முதல் வீடு. அங்கிருந்து கல்படிகள் வளைந்து வளைந்து ஏறும். நூற்றெண்பது படி ஏறினால் பதினாலாவது வீடு. சார் அதைத்தான் வாங்கினார். "தலைக்கு மேல ஒருத்தனும் கிடையாது பாத்தியா? நாற்காலி இழுக்கணும்னா மேகம்தான் இழுக்கணும்" என்று மனைவியிடம் பெருமையடித்தார். ஜன்னல்களுக்கெல்லாம் ஊசி விழும் சத்தம்கூட உள்ளே வராத இரட்டைக் கண்ணாடி போட்டார். செல்போன் சிக்னல் சமையல்கட்டு ஜன்னலில், மாவு டப்பாவின் மேல் மட்டும்தான் வரும் என்று தெரிந்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலை எட்டே காலுக்குக் கதவை யாரோ இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். திறந்தால், டீக்கடை அக்கா. ஒரு கை முட்டியில், ஒரு கை கதவு நிலையில். மூச்சு வாங்கி முடியவில்லை.

"உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

புது வீட்டுக்குக் குடிவந்தவரை விசாரிக்கும் முறை இதுதானா என்று சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏம்மா, எனக்கு என்ன?"

"பின்ன ஏன் வாளியைக் கவுக்கலை? நூத்தெம்பது படி ஏறி வந்திருக்கேன். என் முட்டிக்கு யார் பதில் சொல்றது?"

அப்போதுதான் சார் தன் வீட்டு வாசல் தூணைப் பார்த்தார். தூணின் மேல் ஒரு பழைய தகர வாளி. முந்தைய வீட்டுக்காரர் மறந்து விட்டுப்போனது என்று நினைத்திருந்தார். கீழே எட்டிப் பார்த்தால், அடுத்த வீட்டுத் தூணிலும் ஒரு வாளி. அது கவிழ்ந்திருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பதினாலு வீட்டிலும் சாயங்காலம் ஆனால் வாளியை நிமிர்த்தி வைக்கவேண்டும். காலையில் எழுந்ததும், எட்டு மணிக்குள், கவிழ்த்து வைக்கவேண்டும். சரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் கீழ்வீட்டு வாசல் மட்டும்தான் தெரியும். ஆகையால் மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டு வாளியைப் பார்க்கவேண்டும். எட்டு அடித்தும் வாளி கவிழாமல் இருந்தால் இறங்கிப் போய்க் கதவைத் தட்டவேண்டும். உச்சி வீட்டை யார் பார்ப்பது? அது கீழே டீக்கடையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். அதனால் அது அக்காவின் தலையில் விழுந்த வேலை.

இது எப்படி வந்தது என்று மூன்றாவது வீட்டுத் தையல்காரர் சாருக்குச் சொன்னார். அவர்தான் பதினாலு வீட்டுக்கும் செயலாளர்.

"இங்க எல்லாருக்கும் எல்லாரோடயும் சண்டை சார். மண்ணுக்குச் சண்டை, குழாய்க்குச் சண்டை, கோழிக்குச் சண்டை. பேச மாட்டோம். ஒரு தடவை ஏழாவது வீட்டுக்காரர் நாலு நாள் வெளியவே வரலை. சரி, கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னு நாங்களும் ரோஷமா இருந்துட்டோம். அஞ்சாம் நாள் கதவை உடைச்சா, காய்ச்சல்ல கிடக்காரு. இன்னும் அரை நாள் போயிருந்தா ஆளே இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணினோம். மூஞ்சியைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், வாளியை மட்டும் பார்த்துடணும்."

வேறு ஊராக இருந்தால், அன்றைக்கு எல்லாரும் கட்டிப்பிடித்துச் சமாதானமாகப் போயிருப்பார்கள். இவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. சண்டையை ஒரு பிடிகூடக் குறைக்காமல் வாளியை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இவர்களைப் பிடித்ததே அதனால்தான்.

சாருக்குப் பிடிக்கவில்லை. நகரத்தில் ஒருவன் செத்தால்கூட நாற்றம் வந்தால்தான் தெரியும், அதுதான் நாகரிகம் என்பது போலப் பேசினார். அக்கா வேறு சும்மா வருகிறவள் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது சார் வாளியை மறப்பார், அவள் ஏறி வருவாள், வந்தவள் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சாரின் மனைவியோடு ஒரு மணி நேரம் பேசுவாள். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தக் கோழி எந்தப் பாத்தியில் மேய்ந்தது என்று எல்லாம் வரும். அந்த அம்மாள் இரண்டே மாதத்தில் பதினாலு வீட்டு வம்பிலும் தேறிவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

இதாவது பரவாயில்லை. சாரின் உயிரை வாங்கியது கீழ்வீட்டு வாளி.

கீழ்வீட்டில் இருந்தவர் மலை பஸ்ஸில் முப்பத்துநாலு வருஷம் கண்டக்டராக இருந்தவர். தனிக்கட்டை. ஓய்வு பெற்றும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. சட்டம் பேசுவார். பெற்ற தாயாக இருந்தாலும் டிக்கெட் இல்லாமல் ஏற்றியது கிடையாது என்று மார்தட்டுகிற ரகம். சாரின் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லிலிருந்து ஒரு குழாய் போகிறது. அது மூட்டில் விட்டுப்போய், சோப்புத் தண்ணீர் முழுக்க கண்டக்டரின் பீன்ஸ் பாத்தியில் கொட்டியது. கண்டக்டர் வந்து சொன்னார். சார் பழக்கதோஷத்தில் "குறிச்சுக்கிட்டேன்" என்றார். கண்டக்டர் நம்பிக்கொண்டு போய்விட்டார், பாவம்.

ஒரு வாரம் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார். குழாய் அப்படியே இருந்தது. அப்போதுதான் மனிதருக்கு ஒரு யோசனை உதித்தது. ஏறிப் போய்க் கத்துவதைவிட, இந்த ஆளை இறங்கி வரவைத்தால் என்ன? எட்டு மணி ஆகியும் வாளியைக் கவிழ்க்காமல் உள்ளே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் தலையில் அடித்துக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கதவு உடனே திறந்தது. கண்டக்டர் குளித்து, தலை வாரி, தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். குழாய் விஷயம்..."

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. குழாய்க்கு ஒரு நாள், சாரின் வாசல் விளக்கு கண்ணில் குத்துவதற்கு ஒரு நாள், மறுபடி குழாய்க்கு ஒரு நாள். சார் ஒவ்வொன்றுக்கும் "குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவருவார். முப்பத்தோரு வருஷம் மேஜைக்குப் பின்னால் இருந்தபோதாவது ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். இப்போது புகாரை வாங்கிக்கொள்ள அவரே படி இறங்க வேண்டியிருந்தது. வயிறு எரியுமா எரியாதா?

குடிவந்த எட்டாம் மாதம் சார் நாலு பக்கத்தில் மனு எழுதினார். தையல்காரர் வீட்டு முன்னறையில், பாதி தைத்த கால்சட்டைகளுக்கு நடுவில், பதினாலு வீடும் கூடியது. சார் எழுந்து நின்று படித்தார். தம் வீட்டு வாளியை இனி யாரும் பார்க்க வேண்டாம், யாரும் கதவைத் தட்ட வேண்டாம், தாமும் யார் வாளியையும் பார்க்க மாட்டார் என்பதே சாரம். மீதி மூன்றே முக்கால் பக்கமும் அமைதி, உரிமை, நிம்மதி என்று போயிற்று.

டீக்கடை அக்கா முதலில் எழுந்தாள். "என் முட்டிக்கு விடுதலை. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். ஆனால் குரல் என்னவோ சந்தோஷமாக இல்லை.

கண்டக்டர் விட்டாரா? "அவரைப் பார்க்க வேண்டாம்னா அது அவர் இஷ்டம். என்னைப் பார்க்க வேண்டாம்னு சொல்ல இவர் யாரு? எனக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் சார்.

"குறிச்சுக்கிட்டீங்களா?" என்றார் கண்டக்டர். பதிமூன்று வீடும் சிரித்தது. ஒன்றோடொன்று பேசாதவர்கள்கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

கடைசியில் தையல்காரர் பதிவேட்டில் எழுதினார். பதினாலாவது வீட்டை இனி யாரும் பார்க்க வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை. ஆனால் பதினாலாவது வீடு பதிமூன்றாவது வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும். அரை வெற்றி. சார் அன்றைக்கே தூணிலிருந்து தகர வாளியை எடுத்துக் குளியலறையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகை மாட்டினார். 'முன் அனுமதி இல்லாமல் தட்டக்கூடாது.'

அவர் மனைவி பலகையைப் படித்துப் பார்த்தார். "தினமும் காலைல ஒருத்தி டீ ஆத்தற வேலையை விட்டுட்டு, நாம நல்லா இருக்கோமான்னு அண்ணாந்து பார்ப்பா. எனக்கு அது எவ்வளவு தைரியமா இருந்தது தெரியுமா? அதையும் மனுப் போட்டு நிறுத்திட்டீங்க. நல்லா இருங்க" என்றார். சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, சார் குறிச்சுக்கிட்டேன் என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் நகரத்தில் மகள் வீடு மாறினாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சாமான் கட்ட முடியாது என்று அம்மாவைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை பஸ் ஏறும்போது அந்த அம்மாள், "தினம் போன் பண்றேன்" என்றார். "தினம் பண்ணி உயிரை வாங்காதே. அடுத்த ஞாயித்துக்கிழமை பண்ணு, போதும்" என்றார் சார். போகிற போக்கில் மனைவி ஒன்று சொன்னார். "அந்தக் குழாயையாவது நான் வர்றதுக்குள்ள சரி பண்ணுங்க. பாவம் அந்த மனுஷன்."

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கண்டக்டரின் வாளி கவிழவில்லை. சார் இறங்கிப் போனார். குழாய்ப் புகார் பதினோராவது தடவையாகப் பதிவானது. "நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா நடக்கிறதே வேற" என்றார் கண்டக்டர். சாருக்கே கொஞ்சம் உறைத்தது. சாயங்காலம் புதுக் குழாய்த் துண்டை எடுத்துக் கொல்லையில் வைத்தார். அப்புறம் குளிராக இருந்தது, அலுப்பாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குச் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

விழுந்தது பெரிய விஷயமில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். இடது தொடையில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அசைந்தால் உயிர் போனது. சிமெண்டுத் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. இடுப்பில் ஓர் ஈரத் துண்டு. போன் மாவு டப்பாவின் மேல். வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள். கத்தினார். இரட்டைக் கண்ணாடி அவர் சத்தத்தை அவருக்கே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது.

முதலில், யாராவது வருவார்கள் என்று நினைத்தார். யார் வருவார்கள் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். அக்கா அண்ணாந்து பார்க்கமாட்டாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மனைவி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார். கூப்பிட்டு எடுக்காவிட்டாலும் சிக்னல் இல்லை என்றுதான் நினைப்பார். இன்று செவ்வாய். இந்தக் குளிரில், இந்த ஈரத் துண்டோடு, நாளைக் காலை வரைக்கும்கூடத் தாங்காது. நாலு பக்க மனுவில் ஒரு பிழை இல்லாமல் தன் சாவுக்குத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பயத்தில் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் கண்டக்டர் ஞாபகம் வந்தது.

சார் தன் வாளியைத்தான் நிறுத்தினார். கண்டக்டர் வாளியைப் பார்க்கிற வேலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கண்டக்டர் இன்றைக்கும் வாளியைக் கவிழ்க்காமல் காத்திருந்தால்? காத்திருந்தும் ஆள் வரவில்லை என்றால்? அந்த ஆள் சும்மா இருப்பாரா? ஆனால் அவர் தினமும் அப்படிச் செய்கிறவர் இல்லை. கோபம் இருந்தால்தான் செய்வார். இன்றைக்கு அவருக்குக் கோபம் இருக்கவேண்டுமே! குழாய் சரியாகவில்லை, சார் நேற்று மாலை வேட்டி துவைத்த தண்ணீர் முழுக்கப் பாத்தியில்தான் போயிருக்கும். நல்லவேளை, நேற்று சரி பண்ணவில்லை! பண்ணியிருந்தால் மனிதர் திருப்தியாக ஏழரைக்கே வாளியைக் கவிழ்த்துவிட்டு வானொலி கேட்க உட்கார்ந்திருப்பார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சார் ஒரு புகாருக்காக ஏங்கினார். 'ஐயா, கோபமா இரு. இன்னிக்கு ஒரு நாள் கோபமா இரு' என்று வாய்விட்டே கெஞ்சினார்.

கூடத்துக் கடிகாரம் எட்டு அடித்தது. ஒன்றும் இல்லை. எட்டே கால். ஒன்றும் இல்லை. குளிர் இடுப்பைத் தாண்டி மேலே வந்தது. எட்டரை அடித்து ஓய்ந்தபோது, எங்கேயோ பாதாளத்திலிருந்து வருவது போல ஒரு விசில் கேட்டது. நீளமான, கோபமான, அருமையான விசில்.

கண்டக்டர் இருபத்திரண்டு படியும் ஏறி வந்துவிட்டார். வந்தவர் பலகையைப் பார்த்தார். முன் அனுமதி இல்லாமல் தட்டக்கூடாது. டிக்கெட் இல்லாமல் தாயைக்கூட ஏற்றாதவர் எப்படித் தட்டுவார்? வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடியே திட்டத் தொடங்கினார்.

"என் வாளி கவுக்காம அரை மணி நேரமா நிக்குது! நான் செத்தேனா இருக்கேனான்னு பார்க்க வர வேண்டாமா? பதிவேட்டுல எழுதியிருக்கா இல்லையா? இதுதான் நகரத்து மரியாதையா?"

விசில் சத்தத்துக்கு அக்கம்பக்கம் கூடிவிட்டது. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பதிவேட்டோடு வந்தார். டீக்கடை அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தாள். தட்டலாமா கூடாதா என்று விவாதம் ஆரம்பித்தது. தையல்காரர் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "தட்ட வேண்டியதில்லைன்னுதான் இருக்கு. தட்டவே கூடாதுன்னு இல்லை." "பலகையில கூடாதுன்னு போட்டிருக்கே?" என்றார் ஒன்பதாவது வீட்டுக்காரர். "பலகை பெரிசா, பதிவேடு பெரிசா?" என்றார் இன்னொருவர். உள்ளே ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார், இவர்கள் ஷரத்துப் படிக்கிறார்கள்!

வெளியே ஆள் கூடியிருப்பது சாருக்குக் கசமுசவென்று கேட்டது. குரல் எழும்பவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்தத் தகர வாளி கிடந்தது. இழுத்தார். கவிழ்த்தார். சொம்பை எடுத்து அதன் அடியில் ஓங்கி ஓங்கி அடித்தார். டங், டங், டங்.

"பாத்தீங்களா!" கண்டக்டர் குதித்தார். "நான் பேசப் பேச உள்ளே உக்காந்து தகரம் தட்டறாரு! எவ்வளவு கொழுப்பு!"

"ரொம்பத்தான்" என்றார் ஒன்பதாவது வீட்டுக்காரர். எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பி இறங்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா மட்டும் நகரவில்லை. "கொஞ்சம் இருங்க" என்றாள். "கண்டக்டரே, நீங்க எவ்வளவு நேரமா திட்டறீங்க?"

"கால் மணி நேரமா!"

"கால் மணி நேரமா திட்டறீங்க. அவர் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லலையே?"

"எந்த வார்த்தை?"

"குறிச்சுக்கிட்டேன்னு சொல்லலையே! அந்த மனுஷன் யார் திட்டினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது உண்டா? வேற எதாவது சொன்னது உண்டா? இவரா தகரம் தட்டறவரு? உள்ளே என்னமோ ஆயிடுச்சு!"

ஏழாவது வீட்டுக்காரர் முதலில் கேட்டைத் தாண்டிக் குதித்தார். அவருக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். இரட்டைக் கண்ணாடிக்கு இரண்டு கல் தேவைப்பட்டது. இரண்டாவது கல் கண்டக்டருடையது. சாரைப் பார்த்ததும் அந்த மனிதர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, "ஐயோ சார், ஐயோ சார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் வீட்டிலிருந்து துணி வெட்டும் பலகையைக் கொண்டுவந்து, அதில் சாரைப் படுக்கவைத்து, ஆறு பேர் ஆறு பக்கம் பிடித்து நூற்றெண்பது படி இறக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. வழியில் ஒவ்வொரு வீட்டாரும் தோள் மாற்றிக்கொண்டார்கள். தோள் கொடுத்தவர்கள் சும்மா வந்தார்களா? இப்படி ஓடமுடியாமல் ஒரு புகார் அதிகாரி இன்னொரு தடவை கிடைப்பாரா? "சார், உங்க வீட்டு விளக்கு எங்க மாடு கண்ணுல அடிக்குது." "சார், குப்பையை எரிக்காதீங்க, புகை எங்க பக்கம் வருது." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சார் தலையாட்டினார். அக்கா மட்டும் புகார் எதுவும் சொல்லவில்லை. பலகையோரமாகவே நொண்டி நொண்டி இறங்கி, போர்வையைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு, நாற்காலியில் தூக்கப்பட்டு, சார் மறுபடி உச்சி வீட்டுக்கு வந்தார். மகள் நகரத்திலேயே இருக்கச் சொல்லி எவ்வளவோ மன்றாடினாள். "அங்க எட்டு மணிக்கு யாரும்மா என்னைப் பார்ப்பா?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வந்ததும் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றச் சொன்னார். வாளி தூணுக்குத் திரும்பியது. அதன் அடியில் சொம்பு பட்ட பள்ளங்கள் இருந்தன. மனைவி ஆள் வைத்துக் குழாயைச் சரிசெய்திருந்தார். அதைக் கேட்டதும் சாருக்கு ஏனோ திக்கென்றது. "யாரைக் கேட்டு சரி பண்ணினே?" என்றார். அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்டக்டரின் வாளி மறுநாள் ஏழரைக்கே கவிழ்ந்தது. அடுத்த நாளும் ஏழரை. இருபது நாள் ஏழரை. புகார் இல்லை, விசில் இல்லை. சார் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்காகத்தானே மலைக்கே வந்தார்? வந்த பாடில்லை நிம்மதி.

இருபத்தோராம் நாள் எட்டு அடித்தது. வாளி நிமிர்ந்தே இருந்தது.

"தண்ணி காய வச்சிருக்கேன், எங்க கிளம்பறீங்க?" என்று மனைவி கேட்டது அவர் காதில் விழவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். குழாய் சரியாகிவிட்டது, விளக்கை மாற்றியாகிவிட்டது, புகை போடுவதில்லை. கோபப்பட அந்த ஆளுக்கு ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் வாளி ஏன் கவிழவில்லை? ஒரு படிக்கு ஒரு நிமிஷம் ஆனது. தனிக்கட்டை. வயசு எழுபது. குளியலறைத் தரை எப்படி இருக்கும் என்று சாரைவிட யாருக்குத் தெரியும்? கதவை அடைந்ததும் தட்டவில்லை, இடித்தார்.

கதவு திறந்தது. கண்டக்டர் குளித்து, தலை வாரி, கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். நீங்க குழாயை அடைச்சாலும் அடைச்சீங்க, என் பீன்ஸ் பாத்தி காய்ஞ்சு போச்சு. அந்த சோப்புத் தண்ணிக்கே பழகிடுச்சு செடி. பழையபடி கொஞ்சம் திறந்து விடணும்."

சார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் வாழ்க்கையில் முதல் தடவையாக, மனு எழுதாமல், அவரே வாயைத் திறந்து ஒரு புகார் சொன்னார்.

"யோவ், உனக்கு அறிவு இருக்கா? இதைச் சொல்றதுக்கா வாளியைக் கவுக்காம வச்சே? இந்தக் காலை வச்சுக்கிட்டு இருபத்திரண்டு படி இறங்கி வந்திருக்கேன்யா! நீ செத்துட்டேன்னு நினைச்சேன்யா! வர்ற வழி பூரா உயிர் என்கிட்ட இல்ல, தெரியுமா? இனிமே ஒரு நாள், ஒரே ஒரு நாள், எட்டு மணிக்கு மேல அந்த வாளி நிமிர்ந்து இருக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு!"

சொல்லி முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்டக்டரும் வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கையை நீட்டித் தூணிலிருந்த வாளியைக் கவிழ்த்தார்.

"குறிச்சுக்கிட்டேன் சார்" என்றார்.